பைலட் மாமா ஏன் வரவில்லை

அன்புள்ள சேவியர்,

நீயும் ஸ்டெல்லாவும் பிலாய்க்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் போட்ட கார்டு வியாழக்கிழமை கைக்கு வந்தது. குவார்ட்டர்ஸில் தண்ணீர் காலையில் மட்டும்தான் வருகிறது என்று எழுதியிருக்கிறாய். பெரிய டிரம் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே அரூரில் எல்லாம் பழையபடிதான். பந்தல்காரர்கள் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டு போன குழிகளை நான் இன்னும் மூடவில்லை. வாடகைக்கு எடுத்த மடக்கு நாற்காலிகளைத் திருப்பிக் கொடுத்தபோது யாரோ தப்பாக எண்ணிவிட்டார்கள் போலிருக்கிறது, ஒன்று இங்கேயே தங்கிவிட்டது. அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே நாளில் கிளம்பிவிட்டார்கள். உன் சித்தப்பா வீட்டார் மட்டும் ஞாயிறு பூசை வரைக்கும் இருந்தார்கள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் என் குரல் கேட்பது பால்காரரிடம் பேசும்போது மட்டும்தான்.

மொரப்பூர் ஸ்டேஷனில் ரயில் வருவதற்குச் சற்று முன்னால் நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று கேட்டாய். பைலட் மாமா ஏன் கல்யாணத்துக்கு வரவில்லை என்று. அவருக்கு உடம்பு சரியில்லையாம் என்று சொல்லிவிட்டேன். நீ நம்பவில்லை என்பது உன் முகத்தில் தெரிந்தது. ரயில் வந்துவிட்டதால் பேச்சு அதோடு நின்றது. அவருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அவர் வராததற்குக் காரணம் நான். இதை உன்னிடம் நேரில் சொல்ல எத்தனையோ நாள் இருந்தது. நேரில் எனக்கு வாய் வரவில்லை. நீ இப்போது தொழிற்சாலையில் சோதனைப் பிரிவுக்கு மாறியிருக்கிறாய், நீ கையெழுத்துப் போட்டால்தான் சாமான் வெளியே போகும் என்று பெருமையாகச் சொன்னாய். அதைக் கேட்ட நாளிலிருந்து இதை உனக்குச் சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

விமானப்படையில் ஒன்பது வருடம் மெக்கானிக்காக இருந்துவிட்டு நான் ஊருக்கு வந்தது உனக்குத் தெரியும். சொந்த விமானம் வைத்திருந்த ஒரு சேலத்து முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்ததும் தெரியும். பாப்பிரெட்டிப்பட்டிக்கு மேற்கே, மலையடிவாரத்தில், அவருக்குக் கரும்பும் தென்னையுமாகப் பெரிய தோட்டம் இருந்தது. அதன் நடுவே மண்ணைக் கெட்டித்து ஒரு ஓடுபாதை, அதன் ஓரத்தில் தகரக் கொட்டகை. நாலு பேர் உட்காரக்கூடிய ஒற்றை இன்ஜின் விமானம் அது. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பறப்பதற்கு முன்னால் அது சரியாக இருக்கிறது என்று லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட எனக்கு லைசன்ஸ் இருந்தது. சுற்று வட்டாரத்தில் அப்படி ஒரு லைசன்ஸ் வேறு யாரிடமும் கிடையாது. நான் கொஞ்சம் தலை நிமிர்ந்துதான் நடந்தேன்.

விமானத்தை ஓட்டியவர் நரசிம்மன். இண்டூரில் நிலம் உள்ள தெலுங்கு பேசும் குடும்பம். அப்போது அவருக்கு முப்பது கூட ஆகவில்லை, கல்யாணமும் ஆகவில்லை. என்னைவிட எட்டு வயது இளையவர். கொட்டகையில் நான் அவரைச் சார் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் அவர் எனக்குத் தம்பி ஆகிவிடுவார். உன் அம்மா வைக்கும் ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும் அவர் வீட்டில் கிடைக்காத பண்டம், அதற்காகவே வருவார். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயில் தெருவரை போவார். அவருக்கு நீ வைத்த பெயர்தான் பைலட் மாமா.

அவர் விமானத்தை இறக்குவதைப் பார்க்க வேண்டும். மேலே ஏற்றுவது அவ்வளவு பெரிய காரியம் இல்லை, இறக்குவதுதான் என்று அந்த வேலையில் இருக்கும் எல்லாரும் சொல்வார்கள். தரைக்குக் கொஞ்சம் மேலே வரும்போது மூக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். அந்த உயரத்தைக் கண்தான் சொல்ல வேண்டும், வேறு எந்தக் கருவியும் சொல்லாது. சீக்கிரம் தூக்கினால் விமானம் காற்றில் நின்று, வேகம் செத்து, கல் மாதிரி விழும். தாமதமாகத் தூக்கினால் சக்கரம் தரையில் மோதித் துள்ளும். இரண்டையும் நாங்கள் ஹார்ட் லேண்டிங் என்போம். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அது வெறும் ஒரு குலுக்கல். உள்ளே இரும்பில் என்ன ஆயிற்று என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும். நரசிம்மன் இறக்கும்போது சக்கரம் எப்போது மண்ணைத் தொட்டது என்று எனக்கே சில நாள் தெரியாது. புழுதி எழும்பிய பிறகுதான் தெரியும்.

நம் ஊர்கள் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டம் ஆனதற்கு அடுத்த வருடம். உனக்கு ஒன்பது வயது. நரசிம்மன் தன் தங்கை கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவில் போயிருந்தார். முதலாளிக்கும் ஓட்டத் தெரியும், லைசன்ஸும் உண்டு. ஆனால் எப்போதாவதுதான் ஓட்டுவார். அந்த வாரம் அவரே ஓட்டிக்கொண்டு பெங்களூர் போய், பிற்பகலில் திரும்பி வந்தார். சித்தேரி மலைப் பக்கமிருந்து அந்த நேரத்தில் வரும் காற்று தாறுமாறாக இருக்கும். நான் கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மூக்கை மிகச் சீக்கிரம் தூக்கிவிட்டார். இரண்டு ஆள் உயரத்தில் விமானம் ஒரு கணம் தயங்கி, அப்படியே தொப்பென்று விழுந்தது. இடது சக்கரம் முதலில் மோதியது. இரண்டு முறை துள்ளியது. பிறகு ஓடி நின்றுவிட்டது.

இறங்கி வந்தவருக்கு முகம் வெளுத்திருந்தது. நான் விமானத்தின் அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். இடது சக்கரத்தைத் தாங்கும் கால் விமானத்தின் உடம்போடு சேரும் இடத்தில் தகடு லேசாகச் சுருங்கியிருந்தது. இரண்டு ஆணிகள் தளர்ந்திருந்தன. பெயிண்ட் காக்கைக்கால் மாதிரி வெடித்திருந்தது. அதற்கு நேர் மேலே, உள்ளே, காலைத் தாங்கும் இரும்புப் பிராக்கெட் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் விமானத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, சீட்டுகளைக் கழற்றி, அடித்தளத்தைப் பிரித்து, விரிசலைக் காட்டும் சாயம் பூசித் துடைத்து, பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். முதலில் லாக் புத்தகத்தில் ஹார்ட் லேண்டிங் என்று எழுத வேண்டும். எழுதினால் மெட்ராஸிலிருந்து ஆய்வாளர் வருவார். ஒரு மாதம் விமானம் தரையில் நிற்கும். முதலாளிக்கு ஏற்கெனவே அந்த மாதிரி ஒரு குறிப்பு இருந்தது. இன்னொன்று சேர்ந்தால் லைசன்ஸுக்கே கேள்வி வரும்.

இதையெல்லாம் அவர் எனக்குச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, இருவருக்கும் தெரியும். அவர் பக்கத்தில் வந்து என் தோளில் கை வைத்து, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மூன்று வருடத்தில் அன்றுதான் முதல் தடவை. அதுவரை நான் அவருக்கு மெக்கானிக்தான்.

“எழுத வேணாம்ப்பா. நீ பாரு. உன் கண்ணுக்குச் சரியா இருந்தா வுட்ரு,” என்றார்.

அவர் என்னை மிரட்டவில்லை. வேலை போய்விடும் என்று நான் பயப்படவும் இல்லை. இத்தனை பெரிய மனிதர் என் கண்ணை நம்புகிறார் என்ற நினைப்பு எனக்கு ஏறிவிட்டது. அதற்காகத்தான் செய்தேன், சேவியர். இதை யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை. டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்து ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தேன். விரிசல் எதுவும் கண்ணில் படவில்லை. அந்தக் கோணத்தில் படாது என்பதும் எனக்குத் தெரியும். தளர்ந்த ஆணிகள் இரண்டையும் மாற்றினேன். பிறகு, வெடித்திருந்த பெயிண்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினேன். துருப் பிடிக்கக் கூடாது என்பதற்காகப் பூசுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது அலுமினியத் தகடு. அதில் துருப் பிடிக்காது.

நரசிம்மன் லீவு முடிந்து வந்தார். தினமும் ஓட்டுவதற்கு முன்னால் அவரும் விமானத்தைச் சுற்றி வந்து, குனிந்து, ஒவ்வொரு இடமாகக் கையால் தடவிப் பார்ப்பார். அந்த இடத்தில் பெயிண்ட் வெடித்திருந்தால் அவர் கண்ணுக்குத் தப்பியிருக்காது. அன்று பளபளவென்று இருந்தது. லாக் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, நான் இல்லாதப்ப ஏதாவது உண்டாங்கண்ணே என்று கேட்டார். “ஒண்ணுமில்லைங்க சார்,” என்றேன். மூன்று வார்த்தை கூட இல்லை. உன்னிடம் யாராவது இப்படிக் கேட்கும்போது, கேட்பவர் தன் உயிரை உன் பதிலின் மேல் வைக்கப் போகிறாரா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுப் பேசு. எனக்கு அந்த ஒரு நிமிடம் இருந்தது. நான் கை துடைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் ஒன்பது தடவை அந்த விமானத்தை இறக்கினார். ஒவ்வொன்றையும் புத்தகத்தில் ஏற்றியவன் நான் என்பதால் எண்ணிக்கை தெரியும். ஒவ்வொரு தடவையும் மெதுவாக, வழக்கம்போல. ஐந்தாறு இறக்கம் ஆன பிறகு எனக்குப் பயம் போய்விட்டது. நான் பார்த்தது சரிதான் என்றே நினைத்துவிட்டேன். பத்தாவது தடவை காலை நேரம், காற்றில்லை, அவர் தனியாகத்தான் வந்தார். மற்ற நாளைவிட ஒரு துளி அழுத்தமாகத் தொட்டார். அவ்வளவுதான். நல்ல கால் அதைத் தாங்கியிருக்கும். இடது கால் மடங்கியது. விமானம் வயிற்றால் மண்ணைக் கிழித்துக்கொண்டு போய், பாதையை விட்டு விலகி, கரும்புக் கொல்லை வரப்பில் மூக்கால் மோதியது.

நான்தான் முதலில் ஓடிப் போனேன். பெட்ரோல் வாடை அடித்தது. சுவிட்சை அணைத்து, பெல்ட்டை அறுத்தேன். கரும்பு வெட்டிக்கொண்டிருந்த ஆட்கள் மூன்று பேர் ஓடி வந்தார்கள். காவல்காரர் வீட்டுக் கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, எல்லாருமாக அவரை அதில் கிடத்தினோம். ரத்தம் அதிகமில்லை. ஆனால் இடுப்புக்குக் கீழே கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை என்றார். கட்டிலோடு அவரைத் தோட்டத்து ஜீப்பில் ஏற்றினோம். தருமபுரி போகும் வழியெல்லாம் நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் வலிக்கிறது என்று சொல்லவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. இண்டூர் பிரிவு தாண்டும்போது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“அண்ணே, நான் ஒசரத்தைத் தப்பாப் பாத்துட்டனா?” என்றார்.

நீங்கள் பார்த்தது சரிதான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பேசாதீங்க சார், பேசக் கூடாது என்று சொன்னேன். அது அவர் நன்மைக்குச் சொன்ன மாதிரியே இருந்தது.

தருமபுரியிலிருந்து சேலம், அங்கிருந்து வேலூர். முதுகெலும்பில் ஒரு கணு நசுங்கியிருந்தது. விசாரணைக்கு வந்த அதிகாரி இரண்டு நாள் இருந்தார். முறிந்த பிராக்கெட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முறிந்த இடத்தில் பாதி புதிதாக மின்னியது, பாதி கறுத்திருந்தது. கறுத்த பாதி முன்பே விட்டுப்போன விரிசல். அது ஏன் இப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்டார். எண்ணெய் பட்டிருக்கலாம் சார் என்றேன். முன்னால் ஏதாவது ஹார்ட் லேண்டிங் நடந்ததா என்று கேட்டார். லாக் புத்தகத்தை நீட்டினேன். அதில் எதுவும் இல்லை. நரசிம்மன் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தே வாக்குமூலம் எழுதிக் கொடுத்திருந்தார். மூக்கைத் தூக்குவதில் தாமதம் செய்துவிட்டேன், தவறு என்னுடையது என்று. பைலட்டே ஒத்துக்கொண்ட பிறகு அதிகாரிக்கும் தோண்ட வேலை இல்லை. அறிக்கை அப்படியே போயிற்று. முதலாளி ஒரு வார்த்தை பேசவில்லை. விமானத்தை உடைசலுக்குப் போட்டுவிட்டு, பறக்கும் ஆசையையும் விட்டுவிட்டார். நான் லைசன்ஸைப் பெட்டியில் போட்டுவிட்டு அரூரில் டீசல் இன்ஜின் பட்டறை வைத்தேன். ஏன் அந்த வேலையை விட்டீர்கள் என்று நீ சின்னதில் கேட்டதற்கு, விமானமே இல்லையே என்று சொன்னேன். அதுவும் பாதி உண்மைதான்.

உன் அம்மாவுக்கு மட்டும் தெரியும். அந்த வாரமே ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில் சொல்லிவிட்டேன். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. அவருகிட்டச் சொல்லிருங்க என்று மட்டும் சொன்னாள். அவர் எழுந்து நடக்கட்டும் என்றேன். நடந்தார். கமலாவோடு அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, அது முடியட்டும் என்றேன். முடிந்தது. கமலா முழுகாமல் இருக்கிறாள், இப்போது வேண்டாம் என்றேன். ஒவ்வொரு தடவையும் என்னிடம் நல்ல காரணம் இருந்தது. “நல்ல நாள் பாத்துச் சொல்ற சேதிங்களா இது?” என்று ஒரு நாள் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எடுக்காமல் விட்டதை நான் நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன். ஸ்டெல்லா உன்னிடம் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் எரிச்சல்படாதே. சொல்வதை நிறுத்திவிட்டால்தான் நீ கவலைப்பட வேண்டும்.

மீதி உனக்கே தெரியும். இண்டூரில் அப்பாவின் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, தக்காளியும் நிலக்கடலையும் போட்டுக்கொண்டு அவர் இருந்துவிட்டார். அரூர்ச் சந்தைக்கு வரும்போதெல்லாம் நம் பட்டறைக்கு வருவார். உனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது அவர்தான், நீ பாலிடெக்னிக்கில் சேர அலைந்ததும் அவர்தான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு பக்கமாக உட்காருவார். நான் அவருக்கு ஓடி ஓடிச் செய்வேன். டீ வாங்கிவர நானே போவேன். அவருடைய பம்ப்செட் கெட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டு இண்டூருக்குப் போவேன். ஊரில் எங்களைப் போல நட்பு கிடையாது என்பார்கள். உனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது ஒரு நாள், விமானத்தை எப்படி மாமா இறக்குவீங்க என்று அவரிடம் கேட்டாய். நினைவிருக்கிறதா? நான் பக்கத்தில் ஒரு இன்ஜினுக்கு அடியில் படுத்திருந்தேன். “அது எனக்குச் சரியா வரலை கண்ணு. வேற ஏதாவது கேளு,” என்றார். நான் அடியிலிருந்து வெளியே வரவில்லை. ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி அப்படியே கிடந்தேன். நீங்கள் இருவரும் பேச்சை மாற்றிக்கொண்டு எழுந்து போகும் வரைக்கும்.

முதுகு வலியால்தான் அவர் திரும்பப் பறக்கவில்லை என்று நான் நினைத்திருந்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். போன முதுகுக்கு இனி என்ன செய்ய முடியும், உண்மையைச் சொன்னால் அவருக்கு ஒரு நண்பனும் இல்லாமல் போவான், அவ்வளவுதானே என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

உன் அம்மா இறந்த அன்று அவர் காலையிலேயே வந்துவிட்டார். பெட்டியைத் தூக்கும்போது சொந்தக்காரர்களோடு அவரும் வந்து குனிந்தார். வேண்டாம் தம்பி என்று நான் தடுத்தேன். கேட்கவில்லை. கல்லறைத் தோட்டம் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தார். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, நிமிர முடியாமல், பக்கத்தில் இருந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நீ அப்போது அழுதுகொண்டிருந்தாய், பார்த்திருக்க மாட்டாய். நான் உன் அம்மாவின் குழியைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் இண்டூருக்குப் போனேன். அவர் பம்ப் ரூமில் இருந்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். காதில் விழாததால் அவர் மோட்டாரை நிறுத்தினார். சுவிட்சை அணைத்ததும் அந்த இடம் முழுக்க அமைதியாகிவிட்டது. நின்றுகொண்டேதான் சொன்னேன். முதலாளி இறக்கியது, எழுதாமல் விட்டது, ஆணி, பெயிண்ட், ஒண்ணுமில்லைங்க சார் என்றது, கறுத்த பாதி, எண்ணெய் என்று சொன்னது, எல்லாம். ஒன்றையும் விடவில்லை. அவர் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து கேட்டார்.

முடித்த பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, முதலாளி இறக்கியதற்கும் கால் மடங்கியதற்கும் நடுவில் தான் இறக்கியது எத்தனை தடவை என்பது. ஒன்பது என்றேன். தலையை ஆட்டினார்.

“டாக்டரு ரெண்டாவது வருசமே பறக்கப் போகலாம்னுட்டாருங்கண்ணே,” என்றார். “முதுகு தாங்கும், மெடிக்கல்ல பாஸ் ஆவும்னாரு. நாந்தான் போவலை. என் கண்ணு தப்பாச் சொல்லுதுன்னு நெனச்சேன். பின்னாடி ஆளுங்க உக்காந்திருக்கறப்ப மறுபடி அப்படி ஆனா என்ன பண்றதுன்னு.”

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். பதினோரு வருடமாக அவரை வீட்டில் உட்கார வைத்தது முதுகு இல்லை. ஜீப்பில் அவர் கேட்ட கேள்விக்கு நான் சொல்லாமல் விட்ட பதில். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இனிமே நீங்க இங்க வர வேணாம். சேவியர் வரட்டும், அவன் மேல ஒண்ணுமில்லை,” என்றார். எழுந்து போய் மோட்டாரைப் போட்டார். அந்தச் சத்தத்தில் அதற்கு மேல் யாரும் பேச முடியாது. நான் நடந்து ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினேன்.

அந்த மாதமே நடந்ததை எல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டு, விமான இலாகாவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். தங்கள் கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டது என்று இரண்டு வரி வந்தது. தண்டனை எதுவும் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். என் கடிதத்தின் நகலை இண்டூருக்கு அனுப்பினேன். பதில் இல்லை. இரண்டு வருடம் கழித்து உன் கல்யாணப் பத்திரிகையை அனுப்பினேன். நீயே நேரில் போய் வைத்திருந்தால் வந்திருப்பார். லீவு இல்லை, நீங்களே அனுப்பிவிடுங்கள் அப்பா என்று நீ எழுதியதும் நான் மறுக்காமல் இருந்துவிட்டேன். மறுத்தால் காரணம் கேட்பாய் என்று.

நீ நாளைக்கு ஒரு தாளில் கையெழுத்துப் போடுவாய். மேலே இருப்பவர் உன் தோளில் கை வைப்பார். அவர் கெட்டவராக இருக்க மாட்டார். உன்னை நம்புகிறவராகத்தான் இருப்பார். அப்போது அந்தச் சாமானை யார் கையில் எடுக்கப் போகிறார்களோ அவர்களை நினைத்துக்கொள். அப்படியும் தவறு செய்துவிட்டால், அன்றே சொல்லிவிடு. என்னைப் போல அவர் நடக்கட்டும், அவர் கல்யாணம் முடியட்டும் என்று காத்திருக்காதே. தவறு நடந்த அன்று அவர் இழந்தது ஒரு எலும்பு. மீதியை எல்லாம் நான் காத்திருந்த நாட்கள்தான் எடுத்துக்கொண்டன.

இன்னும் ஒன்று இருக்கிறது. நேற்று ஒரு உதிரிப் பாகம் வாங்கத் தருமபுரிக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டில் கமலா நின்றிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவளே பக்கத்தில் வந்தாள். உன் கல்யாணம் நன்றாக நடந்ததா என்று கேட்டாள். பிறகு, இரண்டு வருடமாக நரசிம்மன் என்னென்ன செய்துகொண்டிருந்தார் என்று சொன்னாள். எங்கெங்கோ எழுதிப் போட்டு, பழைய காகிதங்களை எல்லாம் தேடி எடுத்து, பெங்களூருக்கு நடையாய் நடந்து, மெடிக்கலில் ஒரு தடவை தோற்று, மறு தடவை பாஸ் ஆகியிருக்கிறார். போன வாரம் அங்கே பயிற்சி மைதானத்தில் ஒரு வாத்தியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏறியிருக்கிறார். கமலா வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறாள்.

“மூணு தடவை எறக்குனாருங்கண்ணா,” என்றாள். “அலுங்கவே இல்லீங்க. சக்கரம் எப்பத் தொட்டுதுன்னே எனக்குத் தெரியலை.”

இதை என்னிடம் சொல்லச் சொன்னாரா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“அவரு சொல்லச் சொல்லலீங்க. நானாத்தான் சொல்றன்,” என்றாள். அதற்குள் இண்டூர் பஸ் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டாள்.

நான் வாங்க வந்ததை வாங்காமலே திரும்பிவிட்டேன். பஸ்ஸில் வரும்போது எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பக்கத்தில் இருந்தவர் என்னங்க ஆச்சு என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் போயிற்று. எங்க தம்பி ஒருத்தர் நல்லா எறக்கிட்டாருங்க என்றேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தேன். உன் அம்மா இருந்தால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லியிருப்பேன். அடுப்படிவரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். பிறகுதான் தாளை எடுத்தேன்.

லீவில் வரும்போது ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு இண்டூருக்குப் போய்விட்டு வா. என் சார்பாக அவரிடம் எதுவும் சொல்ல வேண்டாம். எப்படி இறக்கினீர்கள் மாமா என்று மட்டும் கேள். இப்போது சொல்லுவார். அவர் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு வந்து, எனக்குச் சொல்.

உன் அப்பா